எந்த இலை என்று கேட்பதற்கு முன்

பர்மாவின் மோல்மீன் ஊர்த் தமிழர்களுக்கென்று வைபர் செயலியில் ஒரு குழு இருக்கிறது. கோயில் உற்சவ அறிவிப்பு, கல்யாணச் செய்தி, இரங்கல், அரிசி விலை எல்லாம் அதில்தான் வரும். மழை பிடித்துக்கொண்டால் கூடவே மூலிகைக் குறிப்புகளும் வரத் தொடங்கும். போன மழையில் வந்த ஒன்று என்னை விடவே இல்லை. ‘அரிப்பு, சொறி, சிரங்கு, படை, தேமல், கரப்பான் எதுவானாலும் குப்பைமேனி ஒன்றே போதும், பக்க விளைவு கிடையாது, நாலு பேருக்குப் பகிருங்கள்’ என்று யாரோ எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அன்று மாலையே மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பையன் பதில் எழுதினான்: தழையை அரைத்துப் பூசிய காலம் மலையேறிவிட்டது, ஒரு டியூப் களிம்பு வாங்கித் தடவினால் தோல் சுத்தமாகிவிடும், இன்னும் பாட்டி காலத்திலேயே நிற்கிறீர்களே என்று. பிறகு ஒரே சண்டை. நான் வாய் திறக்கவில்லை. சொல்ல வேண்டியது நாலு வரியில் அடங்காது என்று தெரிந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சண்டையில் என்னை உறுத்தியது இதுதான். ஒரு தரப்பு இலையைப் பற்றிப் பேசியது. மறுதரப்பு களிம்பைப் பற்றிப் பேசியது. தோலைப் பற்றி யாருமே பேசவில்லை. யாருக்கு வந்திருக்கிறது, உடம்பில் எந்த இடம், நீர் கசிகிறதா அல்லது காய்ந்து செதிலாக உதிர்கிறதா, இரவில் அதிகமா பகலில் அதிகமா, வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் அத்தையின் வீட்டில் வளர்ந்தவளுக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. ‘அரிப்புக்கு என்ன இலை அத்தை?’ என்று யாராவது கேட்டுக்கொண்டு வந்தால் அத்தையிடமிருந்து பதில் வராது. ‘வெளிச்சத்துக்கு வா’ என்பார். விளக்கு வைத்த பிறகு வந்தவர்களை, எவ்வளவு வேண்டியவர்களானாலும், காலையில் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். விளக்கு வெளிச்சத்தில் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும் என்பது அவர் சொல்லும் காரணம்.

அத்தை வைத்தியர் அல்ல. யாரிடமும் காசு வாங்கியதில்லை. பகோடா குன்றின் அடிவாரத்தில் மரவீடு. அதைச் சுற்றி, மழை எடுத்துக்கொண்டு போகாமல் செங்கல் அடுக்கி வளர்த்த கொஞ்சம் செடிகள். இங்கே மழை ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். மே கடைசியில் தொடங்கினால் அக்டோபர் வரை துணி காயாது, செருப்பு காயாது, கால் விரலிடுக்கு காயாது. தோல் வியாதிகளுக்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது. பயிர் வேலைக்குப் போகிறவர்களும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களும் காலையும் கையையும் நீட்டிக்கொண்டு அத்தை வீட்டு வாசல் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது என் சிறு வயதின் அன்றாடக் காட்சி.

அத்தை கேட்கும் முதல் கேள்வி வேலையைப் பற்றியதாக இருக்கும். என்ன தொட்டாய், எதில் நின்றாய், புதிதாக என்ன பூசினாய்? ரப்பர் பாலை உறைய வைக்க அமிலம் ஊற்றுகிறார்கள்; அது பட்டுப் புறங்கை வெடித்து வருகிறவர்கள் உண்டு. முந்திரித் தோலின் எண்ணெயோ மாங்காய்ப் பாலோ பட்டு உதடு வீங்கி வருகிற பிள்ளைகள் உண்டு. இவர்களுக்கெல்லாம் அத்தை எதையும் அரைக்க மாட்டார். நிறைய தண்ணீரில் கழுவு, தேங்காய் எண்ணெய் தடவு, தொட்டதைத் தொடாதே, அவ்வளவுதான். செடி கொடுத்த எரிச்சலுக்கு இன்னொரு செடியைத் தேடி ஓடக்கூடாது என்பார். பகான் பக்கத்துக் கைவினைக்காரர்கள் அரக்குப் பாத்திரங்களுக்குப் பூசும் தித்சி மரத்தின் பால் தோலில் பட்டால் கொப்புளமாகிவிடும். நம் ஊர்ச் சேராங்கொட்டையின் இனந்தான் அந்த மரம். அதற்குத் தேக்குக் கட்டையை இழைத்துப் பூசுவது பர்மியர் வழக்கம். அதைப் பற்றிச் சொன்னபோது அத்தை, ‘அது அவர்கள் கண்டு தெரிந்துகொண்டது, நான் பார்த்ததில்லை, நான் சொல்ல மாட்டேன்’ என்று முடித்துவிட்டார். தான் கண்ணால் பார்த்ததற்கும் காதால் கேட்டதற்கும் நடுவில் அவர் போட்டுவைத்திருந்த கோடு மிகத் தெளிவானது.

சேற்றுப்புண்ணும் படர்தாமரையும்

சேற்றுப்புண்ணுக்கு மருதாணி. இதில் அத்தைக்குச் சந்தேகமே கிடையாது. நாற்று நடவு நடக்கும் நாட்களில் கால் விரலிடுக்கு வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து, நடக்கும்போது சுரீர் என்று இழுக்கும். மருதாணி இலையோடு கொஞ்சம் மஞ்சளை வைத்து அம்மியில் மைய அரைத்து இரவில் இடுக்குகளில் அப்பிவிடுவார். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சடங்குபோல நடக்கும் வேலை ஒன்று உண்டு. வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவி, பழைய பருத்தித் துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டு இழுத்து, ஈரம் ஒட்டாமல் துடைத்து, அடுப்பங்கரைச் சூட்டில் சிறிது நேரம் காலை நீட்டி உட்கார வைப்பார். மருதாணியில் கைக்குச் சிவப்பைக் கொடுக்கும் பொருளான லாசோன் பூஞ்சைக்கும் ஆகாதது என்பதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் குணமானதில் பாதிப் பங்கு அந்தப் பழந்துணிக்கு உண்டு என்பது என் எண்ணம். வைபர் குறிப்புகளில் மருதாணி இருக்கிறது, துணி இல்லை. திருவிழாக் கடைகளில் ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கும் குழம்பை மருதாணி என்று நினைத்துப் பூசிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் கலப்பது தலைச்சாயத்தில் இருக்கும் இரசாயனம். கையில் போட்ட பூக்கோலம் அப்படியே கொப்புளக் கோலமாக எழும்பி நிற்பதை எங்கள் கோயில் வகுப்புப் பெண் ஒருத்தியின் கையில் பார்த்தேன். இயற்கை மருதாணி கறுப்பாகப் பிடிக்காது; அது செம்பழுப்பாகத்தான் பிடிக்கும்.

படர்தாமரைக்குச் சீமை அகத்தி. வண்டுகொல்லி என்றும் சொல்வோம். மஞ்சள் மெழுகுவர்த்திகளை நட்டுவைத்ததுபோல் பூக்கும் அந்தச் செடி கீழ்ப்பர்மாவில் வாய்க்கால் ஓரமெல்லாம் தானாக முளைக்கிறது. பர்மியரும் இதே வியாதிக்குத்தான் அதைப் பறிக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டு அரசின் சுகாதாரத் துறை அங்கீகரித்த பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. எனவே இது வெறும் பாட்டி கதை என்று ஒதுக்க முடியாது. அத்தை படர்தாமரையை அடையாளம் காணும் விதம் எனக்கு மனப்பாடம்: நடுவில் ஆறியதுபோல் தோல் தெளிந்திருக்கும், ஓரம் மட்டும் தடித்துச் சிவந்து வட்டமாக வெளியே நகர்ந்துகொண்டே போகும். விரல் நுனியால் அந்த ஓரத்தை ஒரு சுற்று சுற்றி வருவார். கொழுந்தல்லாத முற்றிய இலையைக் கசக்கி, வட்டத்துக்கு உள்ளே மட்டும் அல்லாமல் வெளியிலும் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்க்கச் சொல்வார். மறைந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் இன்னும் சில நாள் தேய்க்க வேண்டும். நிறுத்தினால் திரும்பி வரும். தோல் வைத்தியரிடம் போனாலும் பூஞ்சை மருந்துக்கு இதே கட்டளைதான் கிடைக்கும். தொடை இடுக்கில், முகத்தில், தலையில் வந்திருந்தால் அத்தை இலை கொடுப்பதில்லை. ‘அங்கே இது கேட்காது, எரிச்சல்தான் மிஞ்சும்’ என்பார். தலையில் வந்தால் உள்ளுக்கு மாத்திரை சாப்பிடாமல் போகாது என்பதை இன்றைக்கு எந்த மருத்துவரும் சொல்வார். அத்தை அதைக் காரணம் தெரியாமலே கண்டுவைத்திருந்தார்.

மருந்துக்கடைப் பையன் புகழ்ந்த களிம்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து, சீட்டு இல்லாமல் எங்கும் விற்கிறார்கள். அதில் குளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ இருக்கும், இரண்டும் ஸ்டீராய்டு. தடவியதும் சிவப்பும் அரிப்பும் அடங்கும், உண்மைதான். அடங்குவது உடம்பின் எதிர்ப்பு; பூஞ்சை உள்ளே நிம்மதியாக வளரும். நிறுத்தினால் இருமடங்காக வரும். வட்டம் கலைந்து, ஓரம் மங்கி, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாத உருவத்தில் வரும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து வரிவரியாக வெடிக்கும். இந்தியாவிலும் வங்கதேசத்திலும் தோல் மருத்துவர்கள் இதை ஒரு கொள்ளைநோயாகவே பேசுகிறார்கள். அத்தைக்கு ஸ்டீராய்டு என்ற பெயர் தெரியாது. ஆனால் களிம்பு பூசிக்கொண்டு வந்த ஒருவரின் இடுப்பைப் பார்த்துவிட்டு, ‘இதன் முகம் அழிந்துபோயிருக்கிறது, என்ன பூசினாய் என்று முதலில் சொல்’ என்று அவர் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இலையும் சரி, களிம்பும் சரி, பார்க்காமல் பூசினால் கெடுதல்தான்.

குப்பைமேனிக்கு வருகிறேன். அது நல்ல செடி, எனக்கு அதன்மேல் எந்தக் கோபமும் இல்லை. சொறிக்கு அதன் இலையை உப்பு வைத்துக் கசக்கிப் பூசுவது நம் வழக்கம், அத்தையும் பூசுவார். ஆனால் சொறி என்பது தோலுக்குள் வளை தோண்டும் ஒரு சிற்றுண்ணியால் வருவது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று இடம் பிடித்து இரவில் அரித்துத் தூங்க விடாது. ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் பூச வேண்டும், ஒரே நாளில் பூச வேண்டும், பாய் தலையணை உடுப்பு அத்தனையும் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்த வேண்டும். அத்தை இதைச் செய்யச் சம்மதிக்காத குடும்பத்துக்கு இலையே கொடுக்க மாட்டார். அடைமழையில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்டால், மூட்டையாகக் கட்டி ஒரு வாரம் தொடாமல் வை என்பார். மனித உடம்பை விட்டு விலகினால் அந்த உண்ணி சில நாளுக்கு மேல் உயிரோடிருக்காது. இப்போது பெர்மெத்ரின் களிம்பு கிடைக்கிறது; அது இலையைவிட உறுதியானது; கிடைக்கும் நாட்களில் அதைத்தான் வாங்கச் சொல்கிறேன். வைபர் குறிப்பில் எனக்குப் பயத்தைக் கொடுத்தது வேறொரு வரி: சாறு எடுத்து வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தம் சுத்தமாகும் என்று அதில் இருந்தது. ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்கள் குப்பைமேனியைச் சாப்பிட்டு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து ஆபத்துக்குள்ளானதை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மலேரியா நெடுங்காலம் ஆண்ட நாடுகளில் அந்தக் குறை அதிகம்; பர்மா அப்படிப்பட்ட நாடு. எனவே தயவுசெய்து குடிக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

தனக்கா

பர்மாவில் இருந்துகொண்டு தோலைப் பற்றி எழுதிவிட்டு, மரப்பட்டையை இழைத்து முகத்தில் பூசும் தனக்காவைச் சொல்லாமல் போக முடியாது. காலையில் கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டையை இழைக்கும் சத்தம் இல்லாத வீடு இந்த ஊரில் இல்லை. நம்மவர் வீடுகளிலும் அப்படியே. தமிழ்நாட்டிலிருந்து வருகிற உறவினர்களிடம் நான் ஆசையோடு சொல்லும் ஒரு செய்தி உண்டு. தனக்கா மரம் அவர்களுக்கு அந்நியமானதல்ல. சிவன் கோயில்களில் மகாவில்வம் என்று போற்றி வளர்க்கிறார்களே, அதே மரம். விளாமரத்துக் கட்டையையும் சில இடங்களில் தனக்காவாக இழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் மகாவில்வ இலை அர்ச்சனைக்குப் போகிறது. இங்கே பட்டை கன்னத்துக்கு வருகிறது. மழை குறைந்த நடுப்பர்மாவில், ஷ்வேபோ பக்கமும் பக்கோக்கு பக்கமும் விளையும் கட்டைக்குத்தான் மதிப்பு. மெதுவாக வளரும் மரம். நல்ல மணமுள்ள கட்டைக்குப் பல்லாண்டு காத்திருக்க வேண்டும்.

தனக்கா வேர்க்குருவுக்கு நல்லது, வெயிலுக்கு நல்லது. ஈரம் ஆவியாகும்போது தோல் குளிர்கிறது. பட்டையிலுள்ள மார்மெசின் என்னும் பொருள் புற ஊதாக் கதிரை ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. அத்தை சித்திரை வெயிலில் பிள்ளைகளின் முதுகெல்லாம் பூசிவிடுவார். ஆனால் நீர் கசியும் புண்ணின்மேல் பூசக்கூடாது என்பதில் பிடிவாதம். மேலே காய்ந்து ஓடாகி உள்ளே சீழ் கட்டும். கடையில் டப்பாவில் விற்கும் வாசனைத் தூளையும் வீட்டுக்குள் விடமாட்டார். அதில் கட்டை எவ்வளவு, வேறென்ன எவ்வளவு என்று யாருக்குத் தெரியும் என்பார். இதில் ஓர் இடத்தில் மட்டும் அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. கரப்பான் வந்த கைக்குழந்தைக்கு மெல்லிசாகத் தனக்கா பூசலாம் என்பது அவர் கட்சி. கரப்பான் தோல் ஏற்கெனவே ஈரப்பசை இழந்தது. அதன்மேல் தூள் படிந்தால் மேலும் உலரும். எண்ணெய்ப் பசைதான் வேண்டும் என்பது நான் கேட்ட தோல் மருத்துவரின் சொல். என் கட்சியும் அதுதான். இன்றுவரை இந்த வழக்கு முடியவில்லை.

கோழி இறகு

அத்தையின் வைத்தியம் என்றால் நெடுங்காலம் என் மனத்தில் வந்து நின்றது அந்தத் தோட்டம்தான். அதை மாற்றியது ஒரு நண்பகல். முடோன் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் நம்மவர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தார். முன்கையில் வெளிறிய திட்டு ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு. ‘தேமல்தான் பெரியம்மா, ரொம்ப நாளாக இருக்கிறது, அரிப்பும் இல்லை வலியும் இல்லை, பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுகிறோம், அதற்குள் மறைந்தால் நல்லது’ என்றார். பூவரசங்காயின் மஞ்சள் பாலைத் தேமலுக்குத் தடவுவார்கள். அதைப் பறித்துக் கொடுப்பார் என்று நினைத்து நான் கூடையை எடுத்தேன். அத்தை நகரவில்லை.

அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயிலில் வந்தவருக்குக் கையெல்லாம் வியர்வை முத்து முத்தாக நின்றது. திட்டின்மேல் மட்டும் ஒரு துளி இல்லை. ஓர் எல்லைக் கோடு வரைந்ததுபோல் வியர்வை அங்கே வந்து நின்றிருந்தது. முடியும் மற்ற இடத்தைவிடக் குறைவாக இருந்தது. அத்தை கொல்லைக்குப் போய் ஒரு கோழி இறகை எடுத்து வந்து கழுவித் துடைத்தார். ‘கண்ணை மூடிக்கொள்ளுங்கள் தம்பி. நான் தொடுகிற இடத்தை மற்ற கை விரலால் காட்டுங்கள்’ என்றார். இறகின் நுனி முழங்கையில் பட்டது, காட்டினார். மணிக்கட்டில் பட்டது, காட்டினார். திட்டின் நடுவில் பட்டது. அவர் கண்ணை மூடியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அத்தை மறுபடி தொட்டார். ‘தொடுங்கள் பெரியம்மா’ என்றார் அவர். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் கூடையைக் கீழே வைத்தேன்.

என்னை உள்ளே போய்த் தேநீர் வைக்கச் சொன்னார். நான் கொண்டுவந்தபோது அவருடைய அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். ‘இது தேமல் இல்லை. இதற்கு என்னிடம் இலை இல்லை. மாத்திரை இருக்கிறது, காசு வாங்காமல் கொடுக்கிறார்கள், ஒழுங்காகச் சாப்பிட்டால் முழுதாகப் போய்விடும். இப்போதே போனால் கை விரல் மடங்கி முடங்கிப்போகாது. நாளைக்கு நானே கூட வருகிறேன்.’ அவர் அழுதார். பிள்ளையின் சம்பந்தத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தை கையை விடவே இல்லை.

இந்தத் தெளிவு அத்தைக்கு எங்கிருந்து வந்தது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். 1898-இல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை இந்த ஊரில்தான் இருக்கிறது. அத்தையின் தாயார் அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பால் ஊற்றியவர். சிறு பெண்ணாகக் கூடப் போன அத்தை, ஊசியும் பஞ்சும் வைத்துச் செய்யும் சோதனையை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். பர்மாவில் தொழுநோய் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே வந்துவிட்டதாக 2003-இல் அறிவித்தார்கள். அதனால் நோயே இல்லை என்று பலர் நினைத்துவிட்டார்கள். கிருமி உள்ளே போய் அடையாளம் காட்டச் சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகும் நோய் அது. இன்னும் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, அத்தையிடம் சொல்வதற்கு ஒரு மூலிகை இருந்தது என்பதுதான். சித்த மருத்துவத்தில் பெருநோய்க்கு நீரடிமுத்து எண்ணெய் உண்டு. அதே குடும்பத்து மரம் பர்மாக் காடுகளில் இருக்கிறது, கலோ என்பார்கள். நோயால் நாட்டை விட்டுக் காட்டுக்குப் போன ஓர் அரசன் அதன் காயைத் தின்று குணமடைந்ததாகப் பர்மியரிடம் பழங்கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகமே இந்த எண்ணெயைத்தான் நம்பியிருந்தது. குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் தோலுக்கடியில் கட்டிகட்டியாக நின்று வலிக்கும். ஹவாயில் 1915-இல் ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பினப் பெண் வேதியியலாளர் அதை உடம்பு ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றிக் காட்டினார். அடுத்த ஆண்டு, 24 வயதில் இறந்துபோனார். விதை தேடி ஜோசப் ராக் என்ற தாவரவியலாளர் 1920-21-இல் பர்மாவின் சிந்த்வின் ஆற்றுப் பக்கத்துக் காடுகள் வரை போய்வந்தார். இத்தனை பெருமையுள்ள எண்ணெய், 1940-களில் சல்போன் மருந்துகள் வந்ததும் வழி விட்டது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. 1995 முதல் உலகம் முழுவதும் அது இலவசம். அத்தைக்கு நீரடிமுத்து தெரியும். கொல்லையில் அந்த எண்ணெய்ப் புட்டி ஒரு காலத்தில் இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த நண்பகலில் அதன் பெயரைக்கூட அவர் எடுக்கவில்லை. நம் மூலிகை அறிவின்மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர் மாத்திரை சாப்பிடத் தொடங்கினார். சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று பயந்து ஓடிவந்தார். அது மருந்தின் நிறம். பிறகு தோல் கறுத்து, கால் கையெல்லாம் மீன் செதில்போல உலர்ந்தது. அதுவும் அந்த மருந்துகளில் ஒன்றின் வேலைதான், மருந்து முடிந்ததும் மெல்ல மறையக்கூடியது. நிறுத்திவிடலாமா என்று அவர் தயங்கிய அந்த நாட்களில்தான் அத்தையின் கை மறுபடியும் வேலை செய்தது. தினமும் மாலையில் கையையும் காலையும் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் முழுதும் துடைக்காமல் அப்படியே தேங்காய் எண்ணெயைத் தடவி, உணர்ச்சியில்லாத இடத்தில் சூடோ வெட்டோ பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். மருத்துவமனையிலும் இதையேதான் சொல்லியனுப்பியிருந்தார்கள். எண்ணெய் எந்த இடத்துக்கு, மாத்திரை எந்த இடத்துக்கு என்பதில் அத்தைக்கும் மருத்துவமனைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவர் மருந்தை முடித்தார். விரல்கள் நேராக இருக்கின்றன. பிள்ளையின் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார்.

மூலிகைக் கட்சிக்காரர்களும் களிம்புக் கட்சிக்காரர்களும் கேட்க வேண்டும் என்று நான் நினைப்பது இதைத்தான். இன்றைய பர்மாவில் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். பயணம் கடினம், மருந்து விலை கடினம், பல ஊர்களில் டாக்டரே இல்லை. இலை நமக்கு வேண்டும். மண்டலேயில் 2001 முதல் பாரம்பரிய மருத்துவத்துக்கென்று பல்கலைக்கழகமே நடக்கும் நாடு இது. நம் செடிகளை யாரும் இங்கே கேலி செய்வதில்லை. ஆனால் செடியின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பறிப்பதற்கு முன்னால் இருந்த கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டோம். பெயர்ப் பட்டியல் போனில் சுலபமாகப் பரவுகிறது. வெளிச்சத்தில் உட்கார வைத்து ஓரத்தைத் தடவிப் பார்ப்பது பரவுவதில்லை.

அத்தைக்கு இப்போது கண் மங்கிவிட்டது. வாரக் கடைசியில் அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். ஒவ்வொரு செடிக்கும் எங்கே முளைக்கும், எப்போது பறிப்பது, எப்படிக் கழுவுவது என்று தொடங்கினாலும், அவர் அதிகம் பேசுவது எப்போது கூடாது என்பதைப் பற்றித்தான். கற்றாழையை வெட்டினால் முதலில் வடியும் மஞ்சள் பாலை முழுதும் வடிய விடாமல் பூசாதே, அதுவே அரிக்கும். வேப்பிலை அம்மைக்கு வருடிவிடத்தான், கொப்புளத்தைத் தேய்க்க அல்ல. காய்ச்சலோடு தோல் சிவந்தால் இலை வேண்டாம். கண்ணுக்குப் பக்கத்தில் எதுவும் வேண்டாம். ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் பூசியதை நிறுத்து. சர்க்கரை வியாதிக்காரர் காலில் புண் என்றால் அன்றைக்கே அனுப்பு. குப்பைமேனிக்கு மட்டும் இரண்டு பக்கம் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் பாதிதான் பூசும் முறை.

இந்த மழைக்குக் குழுவில் நானும் ஒரு செய்தி போடப்போகிறேன். குப்பைமேனியும் சீமை அகத்தியும் வேண்டியவர்களுக்கு எங்கே கிடைக்கும் என்று காட்டுகிறேன், காசு வேண்டாம். போனில் படம் எடுத்து அனுப்பி எந்த இலை என்று கேட்காதீர்கள். பகலில் நேரில் வாருங்கள், பூசிய களிம்பின் டியூபையும் எடுத்து வாருங்கள். அரிக்காத, வலிக்காத, தொட்டால் தெரியாத வெளிறிய திட்டு இருந்தால் என் வீட்டுக்கு வரவேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், கூட வருகிறேன்.